நண்பருக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் பலருக்கும் வாய் வராது. முகத்தாட்சண்யம் தடுக்கும். ‘அவனுக்கே தெரியும், வசதி வந்ததும் தருவான்’ என்று ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடும். வாங்கியவர் ஏமாற்ற நினைக்கிறாரோ இல்லையோ, கொடுத்தவரின் உரிமை இதற்குள் தேய ஆரம்பித்திருக்கும்.

இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனாகக் கொடுத்த பணத்துக்காக வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். நண்பர் ‘தர முடியாது’ என்று கையை விரித்த நாளிலிருந்து இந்த 3 ஆண்டு தொடங்குவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ‘எப்போது கேட்டாலும் தருகிறேன்’ என்று வாங்கிய கடனுக்கு, பணம் கைமாறிய நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. இந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடிவு செய்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஓடும். ஆனால் அப்படிப் பேசினீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

கேட்காமல் இருப்பது முதல் தவறு என்றால், வாயால் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பது அடுத்தது. நூறு முறை போனில் கேட்டாலும் அந்த 3 ஆண்டு ஒரு நாள்கூட நீளாது. ‘உன்னிடம் இவ்வளவு பணம் வாங்கியிருக்கிறேன், இன்னும் தர வேண்டும்’ என்று, அவகாசம் முடிவதற்குள், அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். அரைத்தாள் காகிதத்தில் நாலு வரி போதும். கொஞ்சம் பணத்தை அவர் திருப்பித் தந்தாலும் இதே பலன் உண்டு. ஆனால் அந்தத் தொகையைக் கொடுத்ததற்கு அவர் கையெழுத்தோ கையால் எழுதிய குறிப்போ இருக்க வேண்டும். அவ்வப்போது ஆயிரம், இரண்டாயிரம் என்று ரொக்கமாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர்கள் இந்தப் பாதுகாப்பைத் தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள். வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் தொகை, தேதி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

3 ஆண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டதா? அப்போதும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25(3): காலாவதியான கடனைத் தருவதாகக் கடன்பட்டவர் எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால், அந்த உறுதி செல்லும். உறவு முற்றிலும் முறியாமல் இருக்கும்போதுதான் இதையெல்லாம் கேட்டு வாங்க முடியும். சண்டை முற்றிய பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

வங்கிக் கணக்கில் போட்டிருக்கிறேனே, போதாதா?

போதாது. பணம் போனதை வங்கி அறிக்கை காட்டும், எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. ‘அது எனக்கு வர வேண்டிய பழைய பாக்கி’, ‘அன்பளிப்பாகக் கொடுத்தார்’ என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால், அது கடன்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அனுப்பும்போதே குறிப்பில் ‘கடன்’ என்று போடுவது நல்லது. கொடுத்தாயிற்று, குறிப்பு எதுவும் இல்லை என்றால், வாட்ஸ்அப்பில் கோபப்படாமல் ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தீர்கள், எப்போது தர முடியும் என்று. ‘ஆமாம், மார்ச்சுக்குள் தருகிறேன்’ என்று அவர் பதில் போட்டால் அது நல்ல சான்று. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது தொலைக்காதீர்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் (அந்த மின்னணுப் பதிவு எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்வது) சேர்த்துக் கொடுக்க வேண்டும். இருந்தாலும் வாட்ஸ்அப் பதிலை மட்டும் நம்பி 3 ஆண்டைத் தாண்டவிட வேண்டாம். கையெழுத்தோடு கூடிய காகிதத்துக்கு உள்ள உறுதி அதற்கு இல்லை.

ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். ‘அதனால் உன் கடனே செல்லாது’ என்று நண்பர் மிரட்டினால் பதற வேண்டாம். அந்த விதிப்படி அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான்.

புரோநோட்டும் செக்கும்

புரோநோட் எழுதி வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமலே. ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வேறு சில பத்திரங்களுக்கு அபராதம் கட்டிக் குறையைச் சரிசெய்யலாம், புரோநோட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அப்புறம், கையெழுத்து வாங்கிய பிறகு தொகையையோ தேதியையோ வட்டியையோ அவர் சம்மதமில்லாமல் திருத்தினால் புரோநோட்டே செல்லாமல் போகும்.

செக்கில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் அதில் நாள் கணக்கு மிகக் கறாரானது. செக்கில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138 இதற்கு 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. செக் திரும்பியதும் நண்பர் போன் செய்து ‘இன்னும் பத்து நாள் பொறு’ என்பார். பொறுப்பீர்கள். மறுபடி பத்து நாள். அந்த 30 நாள் போயே போய்விடும். அப்படிப் போய்விட்டால், செக்கின் 3 மாத ஆயுள் முடியாதவரை மறுபடி வங்கியில் போட்டு, அது திரும்பும் நாளிலிருந்து புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம்.

இன்னொரு கண்ணி: செக் கொடுத்த பிறகு நண்பர் பாதிப் பணத்தைத் தந்துவிட்டார் என்று வையுங்கள். அதை வாங்கிக்கொண்டு பழைய செக்கை முழுத் தொகைக்கே போட்டால் பிரிவு 138 வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வந்த பணத்தைச் செக்கிலேயே குறிக்க வேண்டும். இல்லையென்றால் மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்க வேண்டும். நோட்டீஸிலும் செக் தொகையைத் துல்லியமாக எழுதும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

கோபத்தில் செய்பவை

அவர் வேலை பார்க்கும் இடத்தில் போய்க் கத்துவது, போட்டோ போட்டு ‘மோசடிக்காரன்’ என்று பரப்புவது, வண்டியை எடுத்து வந்துவிடுவது — இவை எதுவும் பணத்தைக் கொண்டுவராது. அவதூறு, திருட்டு, மிரட்டல் என்று உங்கள் மேல் வழக்கு வர வழிவிடும். கைமாற்றுக்குத் திடீரென்று மீட்டர் வட்டி கணக்குப் போடுவதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

போலீஸுக்குப் போகலாமா? கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது, அதற்காகப் பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால்தான் மோசடிக் குற்றம். இல்லையென்றால் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அலைச்சலிலும் சில மாதம் கரைந்துவிடும்.

முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அதைக் கண்டதும் பேச்சுக்கு வருகிறவர்கள் உண்டு. வழக்குக்கு முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம்; கட்டணம் கிடையாது, அங்கே முடிவானது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். நட்பில் கொஞ்சமாவது மிச்சமிருக்கிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். அது முடியாவிட்டால் சிவில் வழக்கு. புரோநோட்டோ எழுத்து ஒப்பந்தமோ இருந்தால் சுருக்கமுறை வழக்காகப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிர்த்தரப்பு நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதம் செய்ய முடியும்.

தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அவர் தராவிட்டால் நிறைவேற்று மனுத் தனியாகப் போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அவர் பெயரில் என்ன சொத்து, எந்த வங்கியில் கணக்கு, எங்கே சம்பளம் என்ற விவரம் அப்போது தேவைப்படும். வழக்குப் போடும்போதே விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.