மலைத்தெருவை நாவலாக எழுதும் முறை

அண்டை வீட்டாரின் வாழ்க்கை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தெருவை நாவலாக எழுத விரும்புகிறவர், அந்தத் தெரு உதகையிலோ குன்னூரிலோ இருக்குமானால், மனிதர்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் சரிவை வரைந்துகொள்ள வேண்டும். மலையில் வீடுகள் படிப்படியாக ஏறி நிற்பதால், மேல்வீட்டு வாசலும் கீழ்வீட்டுத் தகரக் கூரையும் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆகவே தெருவை நெட்டுவாக்கில் அறுத்துப் பார்த்தது போன்ற பக்கவாட்டுப் படம் தேவை. எந்தச் சன்னலிலிருந்து எவர் முற்றம் தெரியும், எவர் பேச்சு எவர் காதில் விழும் என்பதெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, தண்ணீர் போகும் வழியைக் குறியுங்கள். மலைத்தெருவில் கதையை நகர்த்துவது அதுதான் என்பது என் எண்ணம். மேல்வீட்டுப் பெண் துணி அலசிக் கொட்டும் நீர், தடுப்புச் சுவரின் கல்லிடுக்கில் இறங்கிக் கீழ்வீட்டின் பின்சுவரில் ஓதமாகப் படர்கிறது. சுவரை ஒட்டி வைத்த தகரப் பெட்டிக்குள் மகனின் பள்ளிச் சான்றிதழ் பூசணம் பிடிக்கிறது. போய்க் கேட்கலாமென்றால், அந்த அம்மாளிடம் போட்ட ஏலச்சீட்டுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்கும் அந்த மனிதரை வைத்தே நூறு பக்கம் எழுதலாம்.

வீடுகள் ஐந்து போதும். என் முதல் கைப்பிரதியில் பதினொன்று இருந்தன; எட்டாம் வீட்டுக்காரரின் பெயரை நானே மறந்துபோனேன்.

காலத்தைத் தேர்ந்தால் குடிகளும் அமைந்துவிடுவார்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. உதகையில் பிலிம் தொழிற்சாலையும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. எனவே 1970களின் தெருவில் இலங்கையிலிருந்து திரும்பியோரை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பமும், தொழிற்சாலை ஊழியரும், பசுந்தேயிலை விற்கும், நீலகிரியின் படுகர் சமூகத்துக் குடும்பமும் அக்கம்பக்கமாக இருப்பது இயல்பு. வீட்டுக்குள் படுக மொழி பேசுகிறவர் படிக்கட்டில் இறங்கும்போது தமிழுக்கு மாறுவதைக் கவனித்து எழுதுங்கள். உறவுமுறைப் பெயர்களும் அப்படியே: கீழ்வீட்டுக்காரர் சண்டையில்கூட "அக்கா" என்றுதான் தொடங்குவார், அந்தச் சொல்லை அவர் விட்டுவிட்டுப் பேசும் அத்தியாயம் நாவலில் ஒன்றே ஒன்று இருக்கட்டும்.

மழையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் வரும். கூடலூரிலோ ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். இதைத் தவறவிட்டால் உள்ளூர் வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அந்த மழையில் தடுப்புச் சுவர் விழும் இரவை ஐந்து வீட்டிலிருந்தும் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் பதினொரு மணி என்பார், இன்னொருவர் விடியற்காலை என்பார். மேல்வீட்டம்மாள், தான் அன்று துணியே துவைக்கவில்லை என்பார். அவற்றை ஒத்துப்போகும்படி திருத்த வேண்டாம்.