அமைதிக் குழுக்களின் ஆவணப்படத் திரையிடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையிடலுக்குத் திட்டமிடும் அமைதிக் குழுக்கள் பெரும்பாலும் எந்தப் படத்தைக் காட்டுவது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. யாருக்குக் காட்டப் போகிறோம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது; சில குழுக்களில் அது எழுவதே இல்லை. போர் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து தலையசைத்துவிட்டுக் கலைவதற்கு அரங்கமும் புரொஜெக்டரும் தேவையில்லை. ராணுவத்தில் பிள்ளையை வைத்திருக்கும் தாய், குழுவின் பெயரைக் கேட்டாலே சந்தேகப்படும் அடுத்த தெருக்காரர், மோதலில் எதிர்த் தரப்பாகக் கருதப்படும் சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் ஆகியோரே அந்த மாலைப் பொழுதின் முதன்மை விருந்தினர்கள். அவர்களை மனத்தில் வைக்காமல் எடுக்கும் முடிவுகளிலிருந்துதான் மற்ற தவறுகளில் பாதி பிறக்கின்றன.

படத் தேர்வில் அடிக்கடி நேரும் பிழை, கொடூரத்தின் அளவை வாதத்தின் வலிமையாக எடுத்துக்கொள்வது. சிதைந்த உடல்களை ஒன்றரை மணி நேரம் பார்த்தவர் அதிர்ச்சியில் உறைந்திருப்பார், அல்லது தன் தரப்பின் இழப்பை நினைத்துக் கோபம் கொண்டிருப்பார். அமைதி எப்படிச் சாத்தியமாகும் என்று சிந்திக்கும் நிலையில் இருக்கமாட்டார். லைபீரியாவில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இணைந்து நடத்திய போராட்டம் 2003ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுக்கு வருவதற்கு எவ்வாறு துணைநின்றது என்பதைச் சொல்லும் 'பிரே தி டெவில் பேக் டு ஹெல்' (2008) போன்ற படங்கள் அந்தச் சிந்தனைக்கு வழி திறக்கின்றன. யார் முதலில் கூடினார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்த்தவருக்குப் பேசுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய லேமா போவீ 2011ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார் என்பதை அறிமுக உரையில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

நீளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அரங்கம் மூன்று மணி நேரத்துக்குக் கிடைத்திருக்கிறது, படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது, வரவேற்பும் தாமதமும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிடுகின்றன என்றால், கலந்துரையாடலுக்கு மிஞ்சுவது மக்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழும் பதினைந்து நிமிடம்தான். நாஜி வதை முகாம்களைப் பற்றிய 'நைட் அண்ட் ஃபாக்' வெறும் 32 நிமிடப் படம். வெளியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்ட நிலையிலும் அதைப் பார்த்தபின் பேசுவதற்கு ஒரு முழு மாலை தேவைப்படுகிறது. நீளமான படத்தைத்தான் காட்ட வேண்டுமென்றால் பேச்சாளர்களைக் குறைக்கவேண்டுமே தவிர, படத்தை நடுவில் வெட்டி ஓட்டக் கூடாது.

இனி உரிமை. இலவசமாகத்தானே காட்டுகிறோம், லாபம் எதுவும் இல்லையே என்ற வாதம் பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் தானாகவே விலக்கு அளிப்பதில்லை. வட்டு வாங்குவதும் ஓடிடி தளத்தில் சந்தா கட்டுவதும் வீட்டில் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. பொது இடத்தில் காட்டும் உரிமை தனியானது. அதை இயக்குநரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்தில் பெறவேண்டும். சிறிய குழுக்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் இயக்குநர்கள் பலர் உண்டு, ஆனால் அவர்களுக்குப் பதில் எழுத அவகாசம் தரவேண்டும். செப்டம்பர் 21, உலக அமைதி நாளன்று நடக்கவிருக்கும் திரையிடலுக்கு அந்த மாதம் பிறந்தபின் கடிதம் எழுதுவது பயன் தராது. படைப்பாளரே பிறர் பகிர்ந்துகொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான படங்களிலும் நிபந்தனைகள் உண்டு: வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால் நுழைவுக் கட்டணம் சிக்கலாகும், மாற்றியமைத்து வெளியிடக் கூடாது என்றிருந்தால், மொழிபெயர்த்துச் சேர்த்த சப்டைட்டிலுடன் காட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும். சில நாடுகளில் தணிக்கைச் சான்றிதழோ உள்ளாட்சி அனுமதியோ தேவைப்படுவதால் அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தொழில்நுட்பத் தவறுகள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானவை. இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவது, நிகழ்ச்சி தொடங்கும்போதுதான் கேபிளைத் தேடுவது, மடிக்கணினியின் அறிவிப்புகளை அணைக்க மறப்பது ஆகியவற்றை ஒத்திகை ஒன்றே தீர்த்துவிடும். படத்தை முழுவதுமாக, அதே அரங்கில், அதே ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். பலரும் கவனிக்காதது சப்டைட்டில். திரையின் அடிவிளிம்பு தரைக்கு அருகில் இருந்தால் முன்வரிசைத் தலைகள் எழுத்துகளை மறைத்துவிடும். கடைசி வரிசை, திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்குமாறு நாற்காலிகளைப் போடுவது பாதுகாப்பான கணக்கு. படம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பாதுகாப்பு பற்றிய அலட்சியமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. இந்தோனேசியாவின் 1965-66 படுகொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) படத்தில் அந்நாட்டைச் சேர்ந்த இணை இயக்குநரும் குழுவினர் பலரும் பெயர் வெளியிடாமல் 'அனானிமஸ்' என்றே குறிக்கப்பட்டார்கள். அங்கே தொடக்கத்தில் அழைப்பின் பேரிலான திரையிடல்களே நடந்தன. இதற்கு மாறாக, அரங்கில் வந்து உட்கார்ந்த அனைவரையும் படமெடுத்து அன்றிரவே சமூக ஊடகத்தில் போடும் குழுக்கள் இருக்கின்றன. குழுவுக்கு அது நிகழ்ச்சிப் பதிவாகலாம், வந்தவருக்கோ தன் சொந்தச் சமூகத்திடம் பதில் சொல்லவேண்டிய சான்றாகிவிடும். படமெடுப்பதாயிருந்தால் நுழைவிலேயே அறிவித்து, எடுக்கப்படாத வரிசைகளை ஒதுக்கவேண்டும். வன்முறைக் காட்சிகளைப் பற்றியும் முன்னதாகச் சொல்லி, எழுந்து வெளியே போவது எளிதாயிருக்கும்படி கதவோரம் இடம் விடவேண்டும். போரை நேரில் கண்டவர்கள் பார்வையாளர்களிடையே இருக்கக்கூடும்.

படம் முடிந்ததும் விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டு, "உங்கள் கருத்து என்ன?" என்று மைக்கை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு முதலில் கையுயர்த்துபவர், எங்கு சென்றாலும் பேசுவதற்குத் தயாராக வருபவர். அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டபின், தயங்கிய கைகள் உயர்வதில்லை. விளக்கை மெல்ல ஏற்றி, இரண்டு நிமிடம் மௌனமாக விட்டு, பக்கத்திலிருப்பவருடன் எந்தக் காட்சி மனத்தில் நின்றது என்று பேசச் சொன்னால், பொதுவில் பேசாதவரும் ஒருவரிடமாவது பேசியிருப்பார். நெறியாளர் படத்தின் குறைகளையும், அது காட்டாமல் விட்ட தரப்பையும் தாமே எடுத்துச் சொல்லவேண்டும். ஆவணப்படமும் ஒருவர் தொகுத்த பார்வைதான் என்பதை மறைத்தால் எதிர்க்கருத்துடன் வந்தவர் வாயைத் திறக்கமாட்டார். கடுமையான கேள்வி வரும்போது குழு உறுப்பினர்கள் நான்கு பேர் மாறி மாறிப் பதில் சொல்வது இன்னொரு கெட்ட பழக்கம். கேட்டவருக்கு அது விசாரணைபோல் தோன்றும்.

கையெழுத்துப் படிவம், உறுப்பினர் சேர்க்கை, நன்கொடைப் பெட்டி ஆகியவற்றை அரங்கின் உள்வாசலில் வைத்து வெளியேறுபவர்களை வழிமறிப்பதும் தவறே. அந்த மேசையைத் தேநீர் கொடுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு, அதன் பின்னால் அமைதியாகக் கேட்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால், விரும்பியவர்கள் தாமாகவே வருவார்கள்.