பேரல் மாற்றிய டார்கெட் ரைபிள் குறி தவறினால் எங்கே தேடுவது

புது பேரல் போட்ட போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் பழையதைவிட மோசமாகச் சுட்டால் பழி நேராகப் பேரல் மேல் விழும். ஆனால் பழைய பேரலைக் கழற்றும்போதே அதோடு ஒட்டியிருந்த மற்ற பொருத்தங்களும் கலைந்துவிடுகின்றன. ரீகாயில் லக் (பின்னுதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் தகடு), ஸ்டாக்கின் பெடிங் (ரிசீவர் அசையாமல் உட்கார ஊற்றிய படுக்கை), ஸ்கோப் பேஸின் (ஸ்கோப்பைத் தாங்கும் தகடு) முன் ஸ்க்ரூ, தோட்டாவின் நீளம் எல்லாமே பழைய பேரலுக்கு அமைந்தவை. அதனால் பேரலைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

ஹெட்ஸ்பேஸ் முதலில், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) தோட்டாவின் பித்தளைக் கேஸ் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். இது பாதுகாப்பு விஷயம், இதைத் தாண்டாமல் ஒரு ரவுண்டு கூடச் சுட வேண்டாம். சேம்பரும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின், எஜெக்டர், முடிந்தால் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றுங்கள். எஜெக்டர் ஸ்பிரிங் உள்ளே இருந்தால் கை உணர்வு பொய் சொல்லும். .308 வின்செஸ்டருக்கு கோ கேஜ் (குறைந்தபட்ச தூரத்தைப் பார்க்கும் அளவுக்கட்டை) 1.630 அங்குலம், நோ-கோ (தாண்டக் கூடாத தூரத்துக்கானது) 1.634. கோ மேல் போல்ட் தானாக இறங்கி மூட வேண்டும். நோ-கோ மேல் மூடக் கூடாது. கைப்பிடியை அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள், ஒரு விரலின் எடை போதும்.

ஏற்கெனவே சுட்டிருந்தால் காலி கேஸைப் பாருங்கள். அடியிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், கேஸ் அங்கே இழுபட்டு மெலிந்துவருகிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அந்த இடத்தில் தடவினால் பள்ளம் தட்டும். அடுத்து, ரீலோடிங்குக்காக இன்னும் அளவு குறுக்காத அந்தக் கேஸின் கழுத்தில் ஒரு புது புல்லட்டை நுழையுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சேம்பரின் கழுத்து இறுக்கம், அல்லது கேஸின் கழுத்துச் சுவர் தடிமன் அதிகம், அல்லது கேஸ் நீண்டுவிட்டது. புல்லட்டை விடுவிக்க இடமில்லாமல் அழுத்தம் எகிறும், அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது ஸ்டாக். குறி தவறுவதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். புது பேரல் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் ஸ்டாக்கின் பள்ளத்தில் எங்காவது உரசும். இரண்டு மடிப்புக் காகிதத்தைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுங்கள். சிக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். குளிர்ந்த ரைபிளில் தாராளமாக ஓடும் காகிதம், இருபது ரவுண்டு சுட்டபின் சிக்கலாம், அதனால் சூட்டிலும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது ரீகாயில் லக். ரெமிங்டன் 700 வகை ஆக்‌ஷனில் இது பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவே மாட்டும் தனித் தகடு. பேரலை முறுக்கும்போது அது இம்மி திரும்பினாலும், நேராக இருந்த காலத்தில் ஊற்றிய பெடிங்கில் சாய்வாகத்தான் உட்காரும். பழைய லக் சுமார் 4.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால், சந்தையில் கிடைக்கும் கனமானது 6.35. அதைப் பழைய குழியில் திணித்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போதெல்லாம் ரிசீவர் வளையும். லக்கின் பின்முகம் மட்டும் ஸ்டாக்கை முழுதாகத் தொட வேண்டும். முன்பக்கம், அடி, இரு பக்கமும் நூலிழை இடைவெளி வேண்டும்.

இதைச் சோதிக்க டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஒன்று போதும். அதைப் பேரலில் பிடிக்கவைத்து, முனையை ஸ்டாக்கின் முன்பகுதியில் தொடவிடுங்கள். பின் ஸ்க்ரூவை அப்படியே விட்டு, முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ரிசீவர் இறுக்கத்தில் வளைந்திருக்கிறது, பெடிங் மறுபடி ஊற்ற வேண்டும். பின் ஸ்க்ரூவுக்கும் அதே சோதனை. மேகசின் பெட்டி இரண்டு உலோகங்களுக்கு நடுவில் நசுங்கினாலும் இதே அறிகுறி காட்டும். பெட்டி கையால் அசைய வேண்டும். அலுமினியம் பெடிங்கில் 65 அங்குல-பவுண்டு டார்க் (ஸ்க்ரூவை முறுக்கும் விசை) வழக்கம். பில்லர் (ஸ்க்ரூ துளையில் பதிக்கும் உலோகக் குழல்) இல்லாத மரத்தில் அது அதிகம். ஸ்டாக் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்துங்கள்.

ஸ்கோப் பேஸின் முன் ஸ்க்ரூவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தத் துளை பேரலின் மரை உள்ள பகுதிக்கு நேர் மேலே வரும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி பேரல் மரையில் முட்டிவிடும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் பேஸ் பிடித்திருக்காது. கழற்றி நுனியில் புதிதாக நசுங்கிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரை மரை தேய்த்துக் குறைக்க வேண்டும்.

பிறகு தாளில் பாருங்கள். 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 29 மில்லிமீட்டர். மூன்று ரவுண்டு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்) எதையும் நிரூபிக்காது. ஐந்து ஐந்தாக நான்கு குரூப், ஒவ்வொரு துளைக்கும் சுட்ட வரிசை எண்ணோடு. சூடேற ஏற ஒரே திசையில் நகர்ந்தால் பேரல் எங்கோ தொடுகிறது அல்லது பேரலில் இறுக்கம் தங்கியிருக்கிறது. இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்தால் பெடிங் அல்லது ஸ்கோப். செங்குத்தாக நீண்டால் புல்லட்டின் வேக வேறுபாடு, ஃபயரிங் பின் அடி பலவீனம், அல்லது ரெஸ்ட்டில் வைக்கும் விதம். எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறினால், நன்றாகச் சுடும் வேறு ரைபிளின் ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள்.

துளை நீள்வட்டமாக இருந்தால் பெடிங்கில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். புல்லட் நிலையாகச் சுழலவில்லை. .223இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பேரல் 77 கிரெயின் எடையுள்ள புல்லட்டைத் தாங்காது. கிளீனிங் ராடில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே செலுத்தி, ராடில் ஒரு அடையாளமிட்டு, அது முழுச் சுற்று வரும்வரை இழுத்து அந்தத் தூரத்தை அளந்தால் ட்விஸ்ட் (ஒரு சுற்றுக்கு ஆகும் நீளம்) தெரிந்துவிடும்.

பழைய பேரலுக்குச் செய்த தோட்டா புதிதில் பொருந்தாமல் போவதும் சகஜம். த்ரோட் (சேம்பருக்கும் ரைஃப்ளிங்குக்கும் இடையிலான பகுதி) குறைவாக இருந்தால் புல்லட் ரைஃப்ளிங்கில் (பேரலின் உள்ளே வெட்டிய சுருள் வரிகள்) அழுந்திக்கொள்ளும், அழுத்தம் கூடும். சுடாமல் வெளியே எடுக்கும்போது புல்லட் பேரலிலேயே நின்று, மருந்து கொட்டும். புது பேரலில் ரைஃப்ளிங் வரையிலான தூரத்தை அளந்து, மருந்தைப் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள்.

இவ்வளவும் சரியென்றால் க்ரௌன், அதாவது பேரலின் வாய் விளிம்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஏதாவது ஓரத்தில் பஞ்சு சிக்கினால் பிசிறு இருக்கிறது. அதன்பிறகும் குரூப் சேரவில்லை என்றால் சேம்பர் மையம் விலகியிருக்கலாம். சுட்ட கேஸை டயல் கேஜில் உருட்டினால், ஒரே பக்கம் வீங்கியிருப்பது தெரியும். கன்ஸ்மித்திடம் போகும்போது ரைபிளோடு அந்தக் கேஸ்களையும், எண் போட்ட இலக்குத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்.