வடாமுக்காக மாடிக்கு ஓடாதீர்கள்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேல் வானம் கறுத்து, இடியோடு கொட்டித் தீர்க்கும். அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும், நம்மவர் வீடுகளில் அப்போது எழும் முதல் குரல்: "ஐயோ, மாடியில வடாம் காயுது!"

நானும் அப்படி ஓடியிருக்கிறேன். இன்னும் தூறவே இல்லையே என்ற தைரியம். அதுதான் முதல் தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். மொட்டை மாடியில் மறைப்பு எதுவும் கிடையாது. கையிலோ துணி காயும் இரும்புக் கம்பி. வடாம் போனால் போகட்டும், மறுபடி பிழிந்துகொள்ளலாம்.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்வார் பாட்டி. சொல்லுங்கள், கூடவே எண்ணுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு வந்தாலும், இடி காதில் விழுந்தாலே உள்ளே போய்விட வேண்டும்.

உள்ளே வந்ததும் குளிக்கப் போகாதீர்கள். இந்த ஊரில் மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த வீடுகள் ஏராளம். அங்கிருந்து குளியலறைக்குக் குழாய் இறங்குகிறது. மின்னல் விழுந்தால் உலோகக் குழாயும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் குழாயில் ஆபத்து குறைவு, அவ்வளவுதான். பாத்திரம் தேய்ப்பதும் அப்புறம் ஆகட்டும்.

டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கை வானம் இருட்டும்போதே பிடுங்கிவிடுங்கள். தலைக்கு மேல் முழங்கத் தொடங்கியபின் அதைத் தொட வேண்டாம். ஸ்விட்சை அணைத்தால் போதாது. மின்னலின் மின்னழுத்தம் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும். செல்போனில் பேசலாம், சார்ஜில் போட்டபடி பேசக்கூடாது. பால்கனி கிரில்லில் சாய்ந்து வீடியோ எடுப்பதும் வேண்டாம்.

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள், மின்னலும் அப்படித்தான். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். வாசலில் மரக்கிளை முறிந்து மின்கம்பி அறுந்து கிடந்தால், தேங்கிய தண்ணீரில் காலே வைக்காமல் பெங்களூர் மின்வாரியமான பெஸ்காமின் 1912-ஐ அழையுங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று விலகி நிற்பதுதான் உயிரையே பறிக்கும் தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நடுமார்பில் விடாமல் அழுத்துங்கள்.