சொல்லாத ஆசையைப் பாலாற்று மணலில் எழுதுவது எப்படி

ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு பேர், அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாத இடத்தில் நிற்கிறார்கள். அந்தச் சலனத்தை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வரியிலேயே நிலவையும் மல்லிகையையும் அழைத்துவந்து விடுகிறார்கள். வேலூர்ப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு அந்த இரவல் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று இந்த ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ஆம் ஆண்டு லிங்கம் மீண்டும் நிறுவப்பட்ட பிறகு கடைசி வாசகம் பொருந்தாமல் போயிற்று. ஆனாலும், இல்லாதவற்றைக் கொண்டே தன்னை அடையாளம் சொல்லிக்கொண்ட ஊரில், வாயால் சொல்லப்படாத ஒன்றை எழுதப் பழகுவது இயல்பாகவே கைகூடும்.

முதலில் இயற்கைப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகானது எது என்று தேடாதீர்கள். மேலே ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருப்பது எது என்று தேடுங்கள். நமக்கு அது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில், மணலைக் கையால் விலக்கிச் சற்று ஆழத் தோண்டிவிட்டுக் காத்திருந்தால், குழியின் ஓரங்களிலிருந்து நீர் மெல்லக் கசிந்து சேரும். அதை ஊற்று என்கிறோம். ஊற்றுக்குள் அவசரப்பட்டுக் கையை விட்டால் கலங்கிவிடும், பொறுத்திருந்தால் தெளியும். இருவரின் மனத்தில் நடப்பதும் இதுதான் என்று எழுதிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஊற்று தோண்டுவதை மட்டும் எழுதுங்கள்: யார் தோண்டினார், யார் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார், நீர் தெளிவதற்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பவை போதும்.

இது புதிய உத்தியன்று. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் பெயரிட்டுச் சொல்லும் முறையே இது. நிலமும் பொழுதும் அங்கே வாழும் உயிர்களும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பாத்திரம் சொல்லாத பொருள் அவற்றின் வழியாக வாசகரிடம் போய்ச் சேரும். குறுந்தொகையில் ஒரு தலைவி, தாங்கள் கூடிய நாளில் வேறு சாட்சி யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அந்தக் குருகுக்கு அவர்களைப் பற்றிய அக்கறையே கிடையாது, அதன் கண் மீனின் மேல் இருக்கிறது. அவன் சொன்ன சொல் தவறினால் என்ன செய்வது என்ற அவளுடைய அச்சம் முழுவதும் அந்த அக்கறையின்மையில்தான் நிற்கிறது. ஆகவே உங்கள் கதையில் வரும் பறவையும் மரமும் காதலர்களுக்காக வருந்தவோ மகிழவோ கூடாது.

ஜவ்வாது மலைச் சந்தனத்தை எழுத நினைப்பவர்கள் அதன் மணத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த மரத்தில் இதைவிட ஆழமான செய்தி இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் சந்தன மரம் அருகில் போனாலும் மணப்பதில்லை; மணம் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில் இருக்கிறது, அது சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மேலும் சந்தனம், மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரைத் தன் வேரால் பற்றி, நீரையும் சத்தையும் எடுத்துக்கொண்டு வளர்வது. வெளியே இரண்டு மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். அடியில் வேர்கள் பற்றியிருப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு மரம் எடுக்கிறது, மற்றது கொடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இருவரின் விருப்பமும் ஒரே அளவில் இருக்கும் கதைக்கு இந்தப் படிமம் பொருந்தாது; ஒருவர் மற்றவரின் அன்பில் பிழைத்திருக்கும் கதைக்கே பொருந்தும்.

கோடைக்கு வெக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிய பாறையும் மாடிக் கைப்பிடிச் சுவரும் இரவு வெகுநேரம் வரை சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரத்து இரவில் அடுத்தடுத்த மாடிகளில் நிற்கும் இருவர், பொதுச் சுவரில் கை வைத்து, சுடுகிறது என்று எடுத்துக்கொள்வது ஒரு முழுக் காட்சி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைப் பறிக்கும் காட்சியும் அப்படியே. காம்பில் முள் இருப்பதால் கை தானாகவே நிதானப்படும். கடலையும் அலையையும் மட்டும் விட்டுவிடுங்கள். பாலாறு கடலைச் சேரும் வாயலூர் இங்கிருந்து வெகு தொலைவு.

தடை எது என்பதையும் எழுதுகிறவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தடை இல்லாத இடத்தில் மௌனம் வெறும் கூச்சமாகிவிடும். நான் ஒரு சிறு காட்சியைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒரே பள்ளியில் வேலை செய்யும் இருவர். அவருக்குக் குடும்பம் உண்டு, அவளுக்கு அடுத்த மாதம் திருமணம். விருதம்பட்டில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், வேலூர் பேருந்துக்காக நிற்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததே, அந்த மாதம்.

“தண்ணி வந்துடுச்சு, டீச்சர்.”

“நிக்குமா சார்?”

“நிக்காது. மணல் குடிச்சுக்கும்.”

முதல் வடிவில் இதற்குப் பிறகு, அவள் மனமும் அந்த ஆற்றைப் போலப் பொங்கியது என்று ஒரு வரி இருந்தது. அதை நீக்கிய பிறகுதான் அவர் சொன்னது ஆற்றைப் பற்றி மட்டுமா என்று அவளே யோசிக்க இடம் கிடைத்தது. உங்கள் வரைவிலும் ‘போல’ வரும் இடங்களை எல்லாம் கோடிட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எடுத்த பிறகும் பொருள் நிற்குமானால் அந்தச் சொல் அங்கே தேவைப்படவில்லை.

முடிவில் அவர்களைப் பேச வைக்கவும் வேண்டாம், பிரித்து அழ வைக்கவும் வேண்டாம். என் காட்சியில் பேருந்து வருகிறது. அவள் இடப்பக்கம் பெண்கள் இருக்கையிலும், அவர் வலப்பக்கம் பின்னாலும் உட்காருகிறார்கள். பாலத்தைக் கடக்கையில் அவருடைய ஜன்னலில் வருகிற தண்ணீர் தெரிகிறது, அவளுடைய ஜன்னலில் போகிற தண்ணீர்.