கோவையிலிருந்து அலாஸ்கா: பனியாறு பார்க்கக் கப்பலேறுவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "வந்ததுதான் வர்றீங்க, அப்படியே அலாஸ்காவையும் பாத்துட்டுப் போயிருங்க." பையனோ பொண்ணோ பணம் கட்டிவிடுவார்கள். எந்த வழி, எந்த மாதம், என்ன துணி என்பதையெல்லாம் கேட்டு முடிவு செய்வது நம் வேலை. ஏழு இரவுக் கப்பல் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் பனியாற்றுக்கு (கிளேசியர் என்பார்கள், மெல்ல நகர்ந்து வரும் பெரும் பனிப்பாளம்). அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்றதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதல் படி: வழியைப் பாருங்கள், கப்பலை அப்புறம் பார்க்கலாம்

டிராவல்ஸில் முதலில் காட்டுவது நீச்சல் குளமும் நடன அரங்கும்தான். அதைத் தாண்டி, "கிளேசியர் பே உள்ளே போகுமா?" என்று கேளுங்கள். அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ், நார்வேஜியன் நிறுவனங்களின் கப்பல்கள்தான் பெரும்பாலும் போகின்றன. அவற்றிலும் எல்லாத் தேதியிலும் அல்ல. மற்ற கப்பல்கள் ஹப்பார்டு பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற கடல் இடுக்குக்கோ போகும். அவையும் அழகுதான். ஆனால் வெறுமனே "பனியாறு காட்சி" என்று அச்சடித்திருந்தால், எந்தப் பனியாறு என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பருவம் மே முதல் செப்டம்பர் வரை. மே மாதத்தில் மழை குறைவு, கட்டணமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் பகல் நீளம், கூட்டமும் அதிகம். ஆகஸ்ட் கடைசிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். நான் மே மாதம்தான் சொல்வேன்.

இரண்டாம் படி: இரண்டு விசா

பலரும் தடுக்கி விழும் இடம் இது. பிள்ளைகளைப் பார்க்க எடுத்த பத்து வருட அமெரிக்க விசா கையில் இருக்கிறது, அமெரிக்கத் துறைமுகமான சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம், அப்புறம் எதற்குக் கனடா விசா என்று நினைப்பார்கள். 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் இப்படிச் சுற்றிவர முடியாது. பெரிய கப்பல்களில் அநேகமாக எல்லாமே வேறு நாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நின்றுவிட்டுப் போகும். நீங்கள் இறங்கப் போவதில்லை என்றாலும், கனடா விசா இல்லாவிட்டால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எப்படியும் இரண்டு விசாவும் வேண்டும் என்றால், கனடாவின் வான்கூவரில் ஏறுவதே மேல். அங்கிருந்து போகும் வழி பெரும்பாலும் தீவுகளுக்கு உள்ளாகவே போகும், அலை குறைவு. சியாட்டில் கப்பல்கள் பல, திறந்த பசிபிக் கடல் வழியாகச் சுற்றிப் போகும். பஸ்ஸில் வால்பாறை ஏறினாலே தலை சுற்றுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்கவும்.

மூன்றாம் படி: குழுவாகவா, தனியாகவா?

ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் மட்டும் போவதானால் வழிகாட்டியுடன் போகும் குழுச் சுற்றுலாவே நல்லது. விலையைப் பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் (ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர்) உள்ளே சேர்த்தியா? கரையில் இறங்கிச் சுற்றும் செலவு யாருடையது? வழிகாட்டி கப்பலிலும் கூடவே வருவாரா, துறைமுகத்தோடு நின்றுவிடுவாரா? மருத்துவக் காப்பீட்டில், கடலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் செலவும் அடங்குமா?

இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால், டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதை வைத்திருங்கள்.

கோவையிலிருந்து சிங்கப்பூர், அபுதாபி, ஷார்ஜா பக்கம் விமானம் இருக்கிறது. இல்லாவிட்டால் பெங்களூரு அல்லது சென்னை. எப்படிப் போனாலும் கப்பல் கிளம்புவதற்கு முதல் நாளே அந்த ஊரில் இருங்கள். கப்பல் காத்திருக்காது.

நான்காம் படி: காதர்பேட்டைக்கு ஒரு நடை

கோடையில் அலாஸ்காவில் கப்பல் நிற்கும் ஊர்களில் பகலில் 10 முதல் 18 டிகிரி இருக்கும். பயப்படும்படியான குளிர் இல்லை. காற்றும் மழையும் சேரும்போதுதான் சிரமம். கெச்சிக்கன் ஊரில் வருடத்துக்கு 3,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. கோவையில் 700 மி.மீ. வந்தாலே நமக்குத் திருப்திதான்.

ஊட்டிக்குப் போட்ட ஸ்வெட்டரில் காற்று உள்ளே புகுந்துவிடும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), வெளியே மழை ஜாக்கெட். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்காக இவை மலிவாகக் கிடைக்கும். பருத்தி பனியனை மட்டும் உள்ளே போடாதீர்கள் (திருப்பூர்க்காரர்கள் மன்னிக்கவும்). நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் அல்லது கம்பளி கலந்தது வாங்குங்கள்.

ஜாக்கெட்டை வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் கோடுகள் மேல் பளபளப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் தோள்பட்டைத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. சேலைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் பேண்ட், காலில் கம்பளி சாக்ஸ், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளட்டும்.

குட்டி எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். தீ பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏழு நாள் அரிசிம்பருப்பு சாதம் இல்லாமல் இருக்க வேண்டியதுதான். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் செய்து தருவார்கள். பாக்கெட்டில் அடைத்த பருப்புப் பொடி கொண்டுபோகலாம், விமான நிலையத்தில் உணவு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பழமும் கறியும் கூடாது.

ஐந்தாம் படி: பனியாற்று நாள்

கிளேசியர் பே போகும் கப்பல் என்றால், காலையில் ஒரு சிறு படகு வந்து கப்பலை ஒட்டி நிற்கும். பூங்கா ரேஞ்சர்கள் அதிலிருந்து ஏறி வந்து, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். 1794-ல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோது இந்த விரிகுடாவே கிட்டத்தட்ட இல்லை, வாயை அடைத்துப் பனிதான் நின்றது. இன்று அது 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நீங்கள் போகும் தண்ணீர் வழி முழுக்க அன்று பனி.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நெடுநேரம் நிற்கும். தண்ணீருக்கு மேலே சுமார் 75 மீட்டர் சுவர். கப்பல் மெல்லத் திரும்பிக் காட்டும், அதனால் இடது பக்க அறையா வலது பக்க அறையா என்று சண்டை வேண்டாம். அன்றைக்கு அறையிலேயே இருக்காதீர்கள், முன்பக்கத் திறந்த தளத்துக்குப் போய்விடுங்கள்.

சுவரில் எங்கே சின்னத் துண்டுகள் பொலபொலவென்று உதிர்கின்றனவோ அந்த இடத்திலேயே கண்ணை வையுங்கள். பெரிய பாளம் அங்கே விழ வாய்ப்பு அதிகம். முதலில் விழுவது தெரியும், ஒரு நொடி கழித்துத்தான் இடிபோல் சத்தம் வரும். சத்தம் கேட்டபின் போனைத் தூக்கினால் தண்ணீர் தெறிப்பதுதான் படத்தில் இருக்கும். உடைந்த இடம் நீலமாக இருக்கும். காற்றுக் குமிழ் எல்லாம் நசுங்கி வெளியேறிய இறுகிய பனி, வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கிவிடுவதால் அந்த நிறம்.

ஆறாம் படி: துறைமுகங்கள்

ஜூனோ அலாஸ்காவின் தலைநகர், ஆனாலும் வெளியிலிருந்து சாலை கிடையாது. அங்கே பஸ்ஸிலேயே மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்த்துவிட்டு வரலாம். ஸ்கேக்வேயில் 1898 முதல் 1900 வரை தங்க வேட்டைக்காகப் போட்ட மலை ரயில் இருக்கிறது. நம்ம மேட்டுப்பாளையம் ரயிலைவிடக் குறுகலான பாதை, 3 அடிதான். பணம் இருந்தால் இதற்குச் செலவு செய்யுங்கள். கடைத்தெருவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நகைக்கடைதான்.

இறங்குவதற்கு முந்தைய இரவு

பெட்டியில் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ராத்திரியே எடுத்துப்போய்விடுவார்கள், காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை வெளியே வையுங்கள்.