கருவுற்ற சுண்டெலியின் நோயெதிர்ப்பைத் தூண்டிக் குட்டியின் மூளை அழற்சியை அளப்பது எப்படி?

இவ்வகை ஆய்வின் நம்பகத்தன்மை பெரும்பாலும் குட்டிகள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது; ஆகவே தாய்க்குச் செய்ய வேண்டியவற்றிலேயே மிகுந்த கவனம் தேவை.

முதலில் தூண்டுபொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வைரஸ் தொற்றைப் போன்ற எதிர்வினை வேண்டுமானால் டி.எல்.ஆர்.3 என்ற நோயெதிர்ப்பு ஏற்பியைத் தூண்டும் பாலி ஐ:சி (வைரஸ் ஆர்.என்.ஏ.-வை ஒத்த செயற்கைப் பொருள்) பொருந்தும். பாக்டீரியத் தொற்றைப் போன்றது வேண்டுமானால் டி.எல்.ஆர்.4 ஏற்பி வழியாகச் செயல்படும் எல்.பி.எஸ். (சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள பொருள்) பொருந்தும். பாலி ஐ:சி-யின் மூலக்கூறு நீளமும் வீரியமும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால், ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியை வாங்கி, அதன் எண்ணைக் குறித்து வைத்து, சரியான அளவை முன்னோட்டத்தில் கண்டறியுங்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 19 முதல் 20 நாட்கள்; ஊசி பெரும்பாலும் 12.5-ஆம் நாளில் போடப்படுகிறது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவின் முன்னோடிச் செல்கள் அதற்கு முன்பே கருவின் மூளையை அடைந்துவிடுகின்றன.

ஊசி போட்ட சுமார் 3 மணி நேரத்தில் தாயின் வாலிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, இன்டர்லூக்கின்-6 (நோயெதிர்ப்புச் செல்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் சைட்டோகைன் புரதங்களில் ஒன்று) உயர்ந்துள்ளதா என, எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா முறையில் பாருங்கள். அடுத்த நாள் உடல் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால், குட்டியிடம் மாற்றம் தென்படாதபோது தாயிடம் தூண்டலே நிகழவில்லையா என்று பிறகு அறிய வழியே இராது. இன்டர்லூக்கின்-6-ஐ மட்டும் தாய்க்குச் செலுத்தினாலே குட்டிகளின் நடத்தை மாறுவதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016-இல் இன்டர்லூக்கின்-17ஏ என்ற மற்றொரு சைட்டோகைனின் பங்கு வெளிப்பட்டது. தாயின் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இந்த எதிர்வினைக்குத் தேவை என்பதும் பின்னர் தெரிந்தது; குடல் பாக்டீரியாக்கள் இடத்துக்கு இடம் மாறுவதால், எலிகளை வாங்கும் இடத்தை ஆய்வின் நடுவே மாற்றாதீர்கள்.

மூளையை எடுக்குமுன் இதயம் வழியாக உப்புக்கரைசலைச் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றுங்கள். இல்லாவிடில் இரத்தத்திலுள்ள சைட்டோகைன்களையும் சேர்த்தே அளப்பீர்கள். மைக்ரோகிளியாவை அடையாளம் காட்டும் ஐபா1 புரதத்துக்குச் சாயமேற்றி அவற்றை எண்ணுவது மட்டும் அழற்சிக்குச் சான்றாகாது. அவற்றின் கிளைகளின் வடிவம், சைட்டோகைன் அளவு, மரபணு வெளிப்பாடு ஆகியவற்றையும் பாருங்கள். ஆண், பெண் குட்டிகளைத் தனித்தனியே ஆராயுங்கள். எந்த மாதிரி எந்தக் குழுவினது என்பது எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது.

புள்ளியியலில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஊசி பெற்றது தாய் என்பதால், 4 தாய்களுக்குப் பிறந்த 32 குட்டிகளை அளந்தாலும் மாதிரி எண்ணிக்கை 4 மட்டுமே. ஒவ்வோர் ஈற்றிலிருந்தும் ஒரு குட்டியை எடுங்கள், அல்லது ஈற்றையும் கணக்கில் கொள்ளும் கலப்புப் புள்ளியியல் மாதிரியைப் (mixed model) பயன்படுத்துங்கள். இன்டர்லூக்கின்-6 உயராத தாய்களையும் கருக்கலைந்த தாய்களையும் எப்படிக் கையாள்வது என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுதி வையுங்கள். கட்டுரையில் அவற்றின் எண்ணிக்கையையும் தெரிவியுங்கள்.